எக்செல் தாளில் இமயமலை

உபரி நாள் இல்லாத மலைப்பயணத் திட்டம் திட்டமே இல்லை. அது ஆசைக்குப் போட்ட டைம்டேபிள், அவ்வளவுதான்.

இவ்வளவு முரட்டுத்தனமாகச் சொல்லக் காரணம், மென்மையாகச் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டது. நான் செங்கல்பட்டுக்காரன். எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர்கூட உயரமில்லை. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை மூட்டையைத் தூக்கிக்கொண்டு இமயமலைப் பக்கம் போகிறவன் என்று தெரிந்துவிட்டதால், மகேந்திரா சிட்டியிலும் ஓஎம்ஆரிலும் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் தங்கள் திட்டத்தை அனுப்பி, "அண்ணா, ஒரு பார்வை பாத்து சொல்லுங்க" என்பார்கள். பெரும்பாலும் எக்செல் தாள். கலர் எல்லாம் போட்டிருக்கும். சனி ஞாயிறு, நடுவில் ஐந்து நாள் லீவு, மறுபடி சனி ஞாயிறு என்று ஒன்பது நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் ஒரு முகாம். காலியாக ஒரு கட்டம்கூட இருக்காது. நான் கேட்பது ஒரே கேள்விதான்: "வானிலை கெட்டுப்போனா?" பதிலும் ஒன்றுதான்: "பாத்துக்கலாம்ணா."

இந்தப் "பாத்துக்கலாம்" மீதுதான் என் கோபம் எல்லாம்.

*

ஒரு நிஜமான பாதையை எடுத்துக்கொள்வோம். லடாக்கில் உள்ள மார்க்கா பள்ளத்தாக்கு. நம் ஆட்களிடம் நல்ல பிரபலம். வழியில் ஊர்க்காரர்கள் வீட்டிலேயே தங்கலாம், சோறு கிடைக்கும், கயிறு கட்டி ஏறும் வேலை இல்லை. திட்டம் இப்படி வரும்: சனிக்கிழமை சென்னையிலிருந்து டெல்லி. ஞாயிறு காலை லே, 3,500 மீட்டர். திங்கள் ஓய்வு. செவ்வாய் சில்லிங் வரை வண்டி, அங்கிருந்து ஸ்கியுவுக்கு நடை, சுமார் 3,400 மீட்டர். புதன் மார்க்கா கிராமம், சுமார் 3,750. வியாழன் தாச்சுங்சே, சுமார் 4,250. வெள்ளி நிமாலிங் புல்வெளி, சுமார் 4,800. சனிக்கிழமை 5,200 மீட்டரைத் தாண்டும் கொங்மாரு லா கணவாய். அதைக் கடந்து ஷாங் சும்தோவுக்கு இறங்கி, அன்றிரவே லே. ஞாயிறு விமானம். திங்கள் காலை ஆபீஸ் மீட்டிங்.

தாளில் பார்த்தால் கச்சிதம். ஒரு மணி நேரம் வீணில்லை. அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்கு என்பது மலை மருத்துவத்தின் அரிச்சுவடி. மேலே சொன்ன திட்டத்தில் வியாழக்கிழமை அந்த எல்லையைத் தொடுகிறது, வெள்ளிக்கிழமை தாண்டுகிறது. நடக்க ஆரம்பித்த பிறகு தங்கும் நாள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நல்லபடியாக நடந்தால்தான் இந்தக் கணக்கே.

வியாழக்கிழமை காலையில் ஒருவருக்குத் தலைவலியோடு வாந்தியும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிகுறி போகும்வரை மேலே ஏறக் கூடாது, மோசமானால் இறங்கிவிட வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் தாளில் அதற்குக் கட்டம் இல்லையே. எட்டுப் பேர் குழுவில் ஒருவருக்காக ஏழு பேரின் லீவு போகும். அதனால் என்ன நடக்கும்? "ஒரு மாத்திரை போட்டுக்கோ, மெதுவா வா, சரியாயிடும்." நோயாளியே முந்திக்கொண்டு "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பார். அன்று பொய் சொல்ல வைப்பது அவருடைய குணம் இல்லை, அந்த எக்செல் தாள். வெள்ளி இரவு நிமாலிங்கில் அவருக்கு இருமல் வரும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கலாம். நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறாரா? மூளை வீங்க ஆரம்பித்திருக்கலாம். இரண்டுக்கும் முதல் வைத்தியம் கீழே இறக்குவது, நடுராத்திரி என்றாலும்.

"நான் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுறவன்ணா" என்பார்கள். ஓடுங்கள், நல்லது. ஆனால் உயர நோய்க்கு உங்கள் ஓட்டம் தெரியாது. கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் லேயில் இருப்பது மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கம். கொங்மாரு லாவில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். அதற்கு உடம்பு பழகுவது ரத்தமும் மூச்சும் சம்பந்தப்பட்ட வேலை, அது நாள் கணக்கில்தான் நடக்கும். சொல்லப்போனால் நல்ல உடற்கட்டு உள்ளவர்தான் வேகமாக ஏறி, வேகமாக மாட்டிக்கொள்கிறார்.

*

அடுத்தது கிலோமீட்டர் கணக்கு. எக்செல் தாளில் "15 கி.மீ., 4 மணி நேரம்" என்று இருக்கும். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு விதி சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அது ஸ்காட்லாந்துக் குன்றுகளில் நல்ல காற்றைச் சுவாசித்துக்கொண்டு நடப்பவருக்கான விதி. நிமாலிங்கிலிருந்து கணவாய் ஏறி ஷாங் சும்தோ வரை பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் என்று வைத்தால், இந்த விதிப்படி நாலு மணி நேரச் சொச்சத்தில் முடிந்துவிட வேண்டும். நிஜத்தில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். காரணம் தூரம் இல்லை. பாதிக் காற்றில் 400 மீட்டர் ஏற்றம், பிறகு முட்டியை உடைக்கும் 1,500 மீட்டர் இறக்கம்.

இதை உள்ளூரிலேயே சோதித்துப் பார்க்கலாம். திருக்கழுக்குன்றம் வேதகிரி மலை சுமார் 500 அடி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். பத்து கிலோ மூட்டையோடு ஒரே காலையில் மூன்று தடவை ஏறி இறங்குங்கள். நிமாலிங்கிலிருந்து கணவாய் வரைக்குமான உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான், பாதிக் காற்றை மட்டும் நீங்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டும். மூன்றாவது தடவை இறங்கும்போது முட்டி என்ன சொல்கிறதோ, அதைத் தாளில் எழுதுங்கள். இணையத்தில் யாரோ ஒருவர் ஆறு மணி நேரத்தில் முடித்தார் என்பதை எழுதாதீர்கள்.

கடற்கரைக்காரர்களாகிய நமக்கு இன்னொரு கோளாறும் உண்டு. நம் உடம்புக்குள் இருக்கும் மழை நாட்காட்டி வேறு. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஜூலை, ஆகஸ்ட் காய்ந்த மாதம். அதே புத்தியோடு ஆகஸ்டில் உத்தரகாண்டுக்கோ இமாசலத்துக்கோ டிக்கெட் போடுகிறோம். அங்கே அப்போது மலையே சரிந்து சாலையில் உட்கார்ந்திருக்கும். லடாக் மழைமறைவுப் பகுதி, அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை போகலாம் என்பது சரிதான். ஆனால் 2010 ஆகஸ்டில் அந்த லேயில்தான் ஒரு ராத்திரி மேகவெடிப்பில் வெள்ளம் வந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மழைமறைவு என்றால் மழையே வராது என்று பொருள் இல்லை.

அக்டோபரில் போனால் வானம் தெளிவாக இருக்கும் என்பார்கள். பெரும்பாலும் உண்மை. 2014 அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. நம்முடைய இதே வங்கக்கடல் புயல்தான். அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்து தொராங் லா கணவாயைச் சுற்றிலும் அக்கம்பக்கத்திலும் குறைந்தது 43 பேர் இறந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகள், நேபாளி வழிகாட்டிகள், மூட்டை தூக்கிகள், உள்ளூர்வாசிகள் என்று எல்லோரும் அதில் உண்டு. கையில் ஒரு நாள் மிச்சம் வைத்திருப்பவர் அப்படியொரு காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு விடுதியில் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும். மிச்சம் இல்லாதவர் ஏறத்தான் வேண்டும். மாமல்லபுரத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் இமயத்தில் என்ன ஆகும் என்று பார்க்கத் தோன்ற வேண்டாமா?

2018 மார்ச் 11, குரங்கணி. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து போனவர்கள் தேனி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, கடைசிக் கணக்கில் 23 பேர் இறந்தார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையில் மார்ச் மாதம் புல் காய்ந்து பற்றிக்கொள்ளக் காத்திருக்கும் பருவம். 2024 ஜூன், உத்தரகாண்டின் சகஸ்ரதால். பெரும்பாலும் கர்நாடகத்துக்காரர்கள் இருந்த 22 பேர் குழு ஏரி பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பும் வழியில் பனிப்புயலில் மாட்டி, 9 பேர் இறந்தார்கள். செத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, உரிமையும் இல்லை. இந்த இரண்டும் எவரெஸ்டில் நடக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். கூகுளில் தேடினால் "தொடக்கநிலை", "நடுத்தரம்" என்று வரும் வகைப் பாதைகள்தான். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. காட்டுத்தீக் காலத்தில் அதை மூடினால் "எதுக்கு மூடுறாங்க" என்று பொங்குகிறவர்களுக்கு 2018-இன் பிணங்கள் மறந்துவிட்டன.

*

கொக்கிலமேடு, தேவனேரிப் பக்கம் விடிவதற்கு முன்னால் கரையில் போய் நின்று பாருங்கள். பைபர் படகு தயாராக இருக்கும், வலை ஏற்றியிருக்கும், டீசல் ஊற்றியிருக்கும். பெரியவர் ஒருவர் அலையையும் காற்றையும் பார்ப்பார். "இன்னிக்கு வேணாம்பா" என்பார். எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். யாரும் யாரையும் கோழை என்று சொல்ல மாட்டார்கள். கடலுக்குப் போகாத நாளும் தொழிலில் சேர்த்திதான். போகும்போதே திரும்பி வரும் டீசலைக் கணக்குப் போட்டுத்தான் போவார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்றால், அந்த இரண்டு மாதம் வருடத்தின் கணக்கிலேயே ஏறிவிடும். இதை நான் காவியமாக்கவில்லை. கடனும் பசியும் தள்ளினால் கெட்ட கடலுக்கும் போகத்தான் செய்வார்கள். ஆனால் அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள், கஷ்டம் என்றுதான் சொல்வார்கள். எந்தக் கஷ்டமும் இல்லாமல், சம்பளத்தோடு லீவு போட்டுப் போகிற நாம்தான் கெட்ட வானத்தில் நடப்பதற்கு வீரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இந்தப் பெயரை வைத்ததில் எழுதுகிறவர்களுக்கும் பங்கு உண்டு. "மலை அழைத்தது", "இமயம் என்னை ஏற்றுக்கொண்டது" என்று எழுதுகிற இலக்கிய ஆட்களைத்தான் சொல்கிறேன். மலை யாரையும் அழைக்காது. அழைத்ததாக நம்புகிறவருக்குத் திரும்பி வருவது துரோகம் மாதிரி தோன்றும், அவ்வளவுதான் அந்த வரியின் பலன். அந்தப் பயணக்கட்டுரைகளில் ஞானம் வரும், கண்ணீர் வரும், முகம் தெரியாத சாது வருவார். எத்தனை மணிக்குத் திரும்ப முடிவு செய்தார்கள் என்று வராது. குதிரைக்காரருக்கு என்ன சம்பளம், அவர் எங்கே தூங்கினார் என்று வராது. உங்கள் திட்டம் தப்பாகப் போனால், ராத்திரியில் உங்களைத் தேடிக்கொண்டு மேலே வரப்போவது அந்த மனிதர்தான். அவருடைய உடம்பும் உங்கள் எக்செல் தாளில் ஒரு வரிசை. அதற்குக் கட்டம் போட்டிருக்கிறீர்களா?

இன்னொரு பக்கம் ரீல்ஸ். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். அர்ச்சுனன் தபசு என்பவர்களும் உண்டு, கங்கையை இறக்கிய பகீரதன் என்பவர்களும் உண்டு. கடலை ஒட்டிய பாறையில் இமயத்தையே செதுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் சிலிர்க்கும். விலா எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நிற்கிறார் தவசி. கீழே ஒரு பூனை, அதே மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, சுற்றிலும் எலிகள். நம் சிற்பி ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே இன்ஸ்டாகிராமைப் பார்த்துவிட்டான் என்று நான் சொல்வதுண்டு. கணவாயில் நின்று கையைத் தூக்கும் அந்த முப்பது நொடிக்காக ஏழு நாளையும் நசுக்கி மடக்குகிற திட்டம் பூனை போட்ட திட்டம்.

*

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. அதை என்னிடம் கேட்டவர் ஒரு தங்கை, கோபமாகவே கேட்டார்: "எங்களுக்கு அஞ்சு நாள் லீவு கிடைக்கறதே பெருசு. உங்க கணக்குப்படி பணக்காரனும் வேலையில்லாதவனும்தான் மலைக்குப் போகணுமா?"

கேள்வி சரி. நம் கம்பெனிகள் லீவு தருவதில் காட்டும் கஞ்சத்தனத்தைத் திட்டுவதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் மேனேஜர் நாள் தரவில்லை என்பதற்காக நுரையீரல் தள்ளுபடி தராது. ஒன்பது நாள்தான் இருக்கிறதா? சரி, ஒன்பது நாளுக்கு ஏற்ற மலையைத் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டு நாள் மலையை ஒன்பதுக்குள் திணிக்காதீர்கள்.

அதே லடாக்கில் ஷாம் பள்ளத்தாக்கு இருக்கிறது. லிகிரில் ஆரம்பித்து யாங்தாங், ஹெமிஸ் சுக்பாச்சன் வழியாக தெமிஸ்காம். கணவாய்கள் எல்லாம் 4,000 மீட்டருக்குக் கீழே, ஊர்களில் தங்கல், மூன்று நாலு நாள். லேயில் மூன்று இரவு, கையில் ஒரு முழு உபரி நாள், எல்லாம் ஒன்பதுக்குள் அடங்கும். இதற்கு வழக்கில் இருக்கும் பெயர் "பேபி ட்ரெக்". அந்தப் பெயரைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு முகம் சுருங்குகிறது. வாழ்நாளில் 3,000 மீட்டரில் ஒரு ராத்திரி தூங்காத உடம்புக்கு எல்லாமே பேபி ட்ரெக்தான். அதில் என்ன அவமானம்? இல்லை, மார்க்காதான் வேண்டுமென்றால், கணவாயை விட்டுவிட்டு மார்க்கா கிராமம் வரையோ, அதைத் தாண்டி 4,000 மீட்டரை ஒட்டியிருக்கும் ஹங்கர் வரையோ போய், வந்த வழியே திரும்புங்கள். பள்ளத்தாக்கு அப்படியே இருக்கும். போகும்போது கிழக்கு பார்த்தீர்கள், வரும்போது மேற்கு பார்ப்பீர்கள்.

கணவாய் கடந்தே ஆக வேண்டும் என்றால் பதினொரு நாளாவது வேண்டும். கூடுதல் இரண்டில் ஒன்று உடம்புக்கு, மார்க்கா கிராமத்தில் சும்மா இருக்க. இன்னொன்று வானத்துக்கு, நிமாலிங்கில் காத்திருக்க. அது செலவாகாமல் மிஞ்சினால் லேயில் விமானத்துக்கு உதவும். மேகம் மூடினால் லே விமானம் ரத்தாவது சாதாரணம்.

மிச்சம் எல்லாம் சில்லறை விஷயம், ஆனால் சில்லறைதான் கடைசியில் பேசும். நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் வேண்டும், அதுவும் பள்ளத்தாக்கில் பல இடத்தில் சும்மாதான் கிடக்கும். அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். ஆகவே ஆபத்தில் யாரையும் கூப்பிட முடியாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அடுப்புக்கான கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்ற முடியாது, லேயில் வாங்க வேண்டும், அதற்கும் அரை நாள். டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் விழுங்காதீர்கள், விழுங்கிவிட்டால் உபரி நாள் தேவையில்லை என்றும் நினைக்காதீர்கள். ஓடைகளைக் காலையில் கடங்கள். வெயில் ஏற ஏற பனி உருகி, மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடும்.

*

பயணம் நடத்தும் கம்பெனிகளுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. கணவாய் கடந்தால் தங்கப் பதக்கம், கடக்காவிட்டால் வெறும் கையோடு போ என்று சான்றிதழ் கொடுப்பதை நிறுத்துங்கள். உங்கள் விளம்பரத்தில் "உபரி நாள்: 1" என்று அச்சடியுங்கள். "இத்தனை மணிக்குள் கணவாய் சேராவிட்டால் திரும்புவோம்" என்று பணம் வாங்குவதற்கு முன்னால் எழுதிக் கொடுங்கள். உடம்பு சரியில்லாமல் இறங்குகிறவருக்கு எவ்வளவு பணம் திருப்பித் தருவீர்கள் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். போட்டால் ஆட்கள் குறைவார்கள் என்பீர்கள். குறையட்டும்.

எக்செல் தாள் அனுப்பப் போகிற தம்பி தங்கைகளுக்கு: அனுப்புங்கள், பார்க்கிறேன். ஆனால் அனுப்பும் முன் நான்கு வரி சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு இரவும் தூங்கும் உயரம் என்ன? ஒருவருக்கு முடியாமல் போனால் எந்த வழியாக, யாரோடு இறங்குவார்? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு? ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும் நாள் எது?

நாலாவது வரி காலியாக இருந்தால் நான் முதல் வரியைக்கூடப் படிக்கப் போவதில்லை.